படகு ஒன்றுதான், வாய்ப்பு ஒன்றா?

"பாய்மரப் படகுப் போட்டி பணக்காரர் விளையாட்டு" என்று ஒதுக்காதீர்கள் நண்பர்களே. விதியைப் பாருங்கள். 2021-இல் நம் நேத்ரா குமணன் ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற லேசர் ரேடியல் பிரிவில் எல்லாருக்கும் ஒரே படகு, ஒரே அளவுப் பாய். காசு கொடுத்து வேகம் வாங்க முடியாது. காற்றைப் படித்தவரே ஜெயிப்பார்.

நாகப்பட்டினம், ராமேஸ்வரம் மீனவப் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றி யார் பாடம் நடத்த வேண்டும்? அவர்களிடம் இல்லாதது படகும் பயிற்சியாளரும்தான்.

2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற வேலூர் விஷ்ணு சரவணன் ராணுவ வீரர். அரசு நினைத்தால் கதவு திறக்கும்.

திருப்பூரில் ஒரே பேட்டனில் லட்சம் பனியன் வெட்டுகிறோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீருடை தந்த அரசு, கடலோரப் பள்ளிகளுக்கு அந்த ஒரே படகையும் தரட்டும். திறமை யாருக்கு என்று அப்புறம் பேசுவோம்.