அடுப்பை அணைத்த பிறகு

லூசியானாவில் மார்ச் பிறந்துவிட்டால் வீட்டுக் கொல்லைகளில் கேஸ் அடுப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கிராஃபிஷ் பருவம் அது. சிங்கி இறாலை விரல் நீளத்துக்குச் சுருக்கியதுபோல் இருக்கும் இந்த நன்னீர் உயிரியை அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தில் பிடிக்கிறார்கள். நெல் அறுத்த வயல்களில் தண்ணீர் கட்டியும் வளர்க்கிறார்கள்.

வீட்டில் இரண்டு பேருக்கென்று ஆக்கும் பண்டமல்ல இது. உயிரோடு மூட்டையாக வாங்குவார்கள். ஒரு மூட்டை சுமார் 14 கிலோ. பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் தின்னத் தேறும் வால் சதை 2 கிலோதான். ஆளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்று வைத்தால் எட்டுப் பேருக்கு ஒரு மூட்டை.

உப்பைக் கொட்டி வைத்தால் குடலில் உள்ள அழுக்கு வெளியேறிவிடும் என்று நம்பிப் பலர் இன்னும் அப்படிச் செய்கிறார்கள். அதனால் பயனில்லை என்கிறது லூசியானா மாநிலப் பல்கலைக்கழக வேளாண் மையம். நல்ல தண்ணீரில் அலசினால் போதும். செத்ததைப் பொறுக்கி எறிவதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாது.

அண்டாவில் தண்ணீர், மிளகாய்க் காரம் தூக்கலான மசாலா, எலுமிச்சை, வெங்காயம், முழுப் பூண்டு. கொதி வந்ததும் கிளம்பும் ஆவி பக்கத்தில் நிற்பவரை இரும வைக்கும். உருளைக்கிழங்கு பாதி வெந்தபின் கூடையோடு கிராஃபிஷ் இறங்கும். மறுபடி கொதித்து மூன்று நிமிடம், அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலும் கொதித்தால் சதை குழைந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ருசி ஏறுவதே இதற்குப் பிறகுதான். உறைந்த சோளக் கதிர்களைப் போட்டுச் சூட்டைத் தணிப்பார்கள். அண்டாவின் வெளிப்புறத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவதும் உண்டு. மிதந்தவை சாற்றைக் குடித்து மெல்ல மெல்ல அமிழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றை எடுத்துத் தின்று பார்ப்பார் சமைப்பவர். வாலைத் திருகிப் பிரித்து, ஓட்டின் முதல் வளையத்தை உரித்து, நுனியை அழுத்தி இழுத்தால் சதை முழுசாக வரும். தலையில் தங்கிய மஞ்சள் கொழுப்பையும் காரச் சாற்றையும் உறிஞ்சிப் பார்த்தால் ஊறியதா இல்லையா என்று நாக்கு சொல்லிவிடும். இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். பொறுமையில்லாதவர்கள் பாதியில் எடுத்து மேலே பொடியைத் தூவுகிறார்கள். காரம் விரலிலும் உதட்டிலும் நிற்கும், சதைக்குள் இறங்காது. ஹூஸ்டனில் வியட்நாமியர்கள் வெந்ததைப் பூண்டு வெண்ணெயில் புரட்டித் தருகிறார்கள். அது வேறு வழி, அதுவும் அபாரம்.

செய்தித்தாள் விரித்த நீள மேசையில் கூடையைக் கவிழ்ப்பார்கள். தட்டு கிடையாது, நாற்காலியும் பெரும்பாலும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரே உரிக்கக் கற்றுக்கொடுப்பார்.

கூட்டத்துக்கு ஆக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விருந்தாளிகள் வந்த பிறகு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அவ்வளவு பெரிய அண்டா கொதிக்கவே நெடுநேரம் ஆகும், ஊற இன்னும் அரை மணி. பசித்தவர்கள் சுற்றி நின்றால் கூடையைத் தூக்கக் கை பரபரக்கும். ஊறும்வரை தூக்காதீர்கள்.