மச்சினனின் மாஸ்டர் பிளான்!

எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் ஏப்ரலில் ஒரு சடங்கு உண்டு. 'ஆண்டுத் திட்டம்' எழுதித் தர வேண்டும். நான் நாலு வருஷமாக ஒரே பேப்பரைத்தான் தந்துகொண்டிருக்கிறேன். வருஷத்தை மட்டும் மாற்றுவேன். போன தடவை அதையும் மறந்துவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. (எங்கள் மேனேஜர் பத்திரிகை படிக்கிற ரகமில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.)

இந்த லட்சணத்தில் இருக்கிற ஆசாமி, மே மாதம் வீரபாண்டித் திருவிழாவைச் சாக்கு வைத்து சின்னமனூர்ப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து சத்தம்.

"மிதிச்சிராதீங்க மச்சான்!"

ஹாலில் கால் வைக்க இடமில்லை. பத்துப் பன்னிரண்டு சார்ட் பேப்பரை ஒட்டித் தரை முழுக்க விரித்திருந்தது. நடுவில் என் மச்சினன், கையில் ஸ்கெட்ச் பேனா, காதில் இன்னொன்று, மடக்கிய லுங்கியுடன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே ஒரு சொம்பில் மோர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் வாத்தியார். ஊர்ப் பேர் வேண்டாம், அவனுக்கு வேலை முக்கியம்.

"என்ன மாப்ள, வீடு கட்டப் போறியா? பிளான் பெருசா இருக்கே!"

"வீடெல்லாம் இல்ல மச்சான். ஜூன்லருந்து ஏப்ரல் வரைக்கும். மூணு, நாலு, அஞ்சு... மூணு கிளாஸுக்கும் எல்லாப் பாடமும்."

"புத்தகத்துலதான் வரிசையா போட்டிருக்கே. முதல் பாடத்துல ஆரம்பிச்சு கடைசிப் பாடத்துல முடிக்க வேண்டியதுதானே?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாய்பாடு ஒப்பிக்கும்போது ஏழாம் வாய்பாட்டில் தடுக்கி விழுந்த பையனைப் பார்க்கிற பார்வை. பிறகு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. ஒன்று முதல் ஐந்து வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்கிறது. அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு வாத்தியார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவன் பள்ளிக்கூடத்தில் 38 பேர். ஆக இரண்டு பேர்தான். தலைமை ஆசிரியை ஒன்று, இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். மிச்ச மூன்றும் இவன் தலையில், ஒரே ஹாலில். ஒன்று, இரண்டுக்கு நாலு நாலு பாடம். மூன்று முதல் ஐந்து வரை அஞ்சஞ்சு. மொத்தம் 23 பாடம், இரண்டு பேர்.

"800 மணி நேரத்தை மூணால வகுங்க மச்சான்."

"ஏறக்குறைய 267."

"அஞ்சு பாடத்துக்குப் பிரிங்க."

"53."

"அம்புட்டுதான். நாலாங்கிளாஸ் புள்ளைக்கு முன்னாடி நின்னு கணக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு வருஷம் முழுக்க 53 மணி நேரம். அதுவும் காய்ச்சல் வராம, மீட்டிங் வராம, எலெக்ஷன் டூட்டி வராம இருந்தா."

நான் சும்மா இருந்திருக்கலாம். மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடித் தொலைத்தது. ஐ.பி.எல். சீசனில் 74 மேட்ச். மேட்சுக்கு மூன்றரை மணி நேரம் என்றால் 259 மணி. அதாவது ஒரு வகுப்புக்கு ஒரு வருஷத்தில் வாத்தியார் மொத்தமாகத் தரக்கூடிய நேரமும், நான் சோபாவில் சாய்ந்து தோனி எப்போது இறங்குவார் என்று காத்திருக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று! இதை நான் அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்.

நேரம் கம்மி, பாடம் ஜாஸ்தி என்றால் என்ன செய்வது? ஒரே விஷயத்தை வைத்து நாலு பாடத்தை நடத்துவது. இது மச்சினன் கண்டுபிடித்ததல்ல. 1937ல் காந்தி வார்தாவில் மாநாடு கூட்டி, ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, 'ஆதாரக் கல்வி' என்று கொண்டுவந்தாரே, அதுவேதான். அந்தத் திட்டத்தின் டைம்டேபிளைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஐந்தரை மணி நேரப் பள்ளியில் 3 மணி 20 நிமிஷம் கைத்தொழில். தாய்மொழிக்கு 40 நிமிஷம். கணக்கு, பாட்டு, ஓவியம் மூன்றும் சேர்ந்து இன்னொரு 40. நூல் நூற்கும்போதே கணக்கு வரும், பருத்தி எங்கே விளைகிறது என்று கேட்டால் பூகோளம் வரும் என்பது எண்ணம். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாப் பாடத்தையும் ராட்டையிலேயே கட்டு என்றால் வாத்தியார் பாவம், அசோகரையும் அக்பரையும் எந்தக் கதிரில் சுற்றுவார்? இந்த ஒட்டுப்போடும் வேலையில்தான் பலர் களைத்துப் போனார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் நம் மாநிலத்திலேயே 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007வாக்கில் எல்லா ஊருக்கும் வந்த செயல்வழிக் கற்றல். அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாகப் பிள்ளைகள், அவர்கள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ரிஷி பள்ளத்தாக்கில் பார்த்துவிட்டு வந்து செய்தது. 2012ல் முப்பருவ முறை வந்து வருஷத்தை மூன்றாக வெட்டியது. புத்தகமும் மூன்றாக ஆனது, முதுகு பிழைத்தது. 2022ல் 'எண்ணும் எழுத்தும்' வந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைத்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் பதிவேடு. மச்சினனின் பீரோவில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு அடுக்கு இருக்கிறது, அகழ்வாராய்ச்சி மாதிரி.

"கவர்மென்ட் கொடுத்த வரிசை இருக்குல்ல, அதுக்குள்ளதான் நான் நகத்துறேன். எதையும் விட முடியாது. முன்னப் பின்ன தள்ளலாம்" என்றான்.

சரி, தரையில் என்னதான் வரைந்திருக்கிறான் என்று குனிந்து பார்த்தேன். மேலே இடது மூலையில் நீலக் கலரில் ஒரு கோடு. ஜூன் 1. 'தண்ணி' என்று எழுதியிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: முல்லைப் பெரியாறு அணையில் போதுமான தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். பள்ளிக்கூடமும் ஜூனில்தான் திறக்கிறது, ஆனால் தேதி நிலையில்லை. வெயிலைப் பார்த்துத் தள்ளிப்போடுவார்கள். 2024ல் ஜூன் 10, 2025ல் ஜூன் 2. "வாத்தியார் லேட்டா வருவான், தண்ணி வெள்ளென வந்துரும்" என்று சிரித்தான்.

ஜூன், ஜூலை முழுக்க அவனுக்கு ஆறுதான் பாடம். நொடிக்கு 300 கன அடி திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டரும் சொச்சமும். சொச்சத்தை விட்டுவிடலாம், பிள்ளைகள் பாவம். 300ஐ 28ஆல் பெருக்கினால் 8,400 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர். ஆக நொடிக்கு 560 குடம்! ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கலும் வகுத்தலும் ஆச்சு. மூன்றாம் வகுப்புப் பொடியன்களுக்கு நிஜமாகவே குடத்தையும் லிட்டர் படியையும் கொடுத்து அளக்க விடுகிறான். சட்டை நனைந்து வீட்டில் திட்டு வாங்குகிறார்கள், அது தனி.

சமூக அறிவியலுக்குப் பென்னிகுயிக். அணை முடிந்தது 1895ல். அவர் பிறந்த ஜனவரி 15ல் இந்தப் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள் என்பதால் எந்தப் பிள்ளையும் தேதியை மறப்பதில்லை. 1886ல் போட்ட குத்தகை 999 வருஷம். எந்த வருஷம் முடியும்? நாலாங்கிளாஸில் ஒருத்தன் கூட்டிப் பார்த்து 2885 என்று சொல்லிவிட்டு, "சார், அப்ப நீங்க ரிட்டயர்டு ஆயிருப்பீங்களா?" என்று கேட்டானாம். 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை என்றால் 40,000. 1970ல் அதை 30 ரூபாயாக்கினார்கள், எவ்வளவு கூடியது? இப்படிப் போகிறது. அறிவியலுக்கு, லோயர் கேம்ப்பில் அதே தண்ணீர் விழுந்து கரன்ட் ஆகிறதே, அது. ஆங்கிலத்துக்கு, தோட்டத்தில் என்னென்ன பழம் என்று பட்டியல். பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது வேறு, பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாப்ள, எல்லாத்தையும் அணையிலயே கட்டிட்டியா? ராட்டை கதை ஆயிராதா?"

"அதான் மச்சான் சிவப்புக் கலர்."

சிவப்புக் கலரில் ஒரு பட்டை, ஜூன் முதல் ஏப்ரல் வரை விடாமல் ஓடியது. தினம் அரை மணி. வாய்பாடு, எழுத்து, வாசிப்பு. இதற்கும் அணைக்கும் சம்பந்தமில்லை, சம்பந்தப்படுத்தவும் மாட்டேன் என்கிறான். "ஒட்டாதத ஒட்டக் கூடாது. முதல் வருஷம் ஒட்டிப் பாத்தேன். ஒற்றுப் பிழையைக் கூட ஆத்துல இறக்கினேன். முல்லைப் பெரியாறுன்னு எழுதுறப்ப நடுவுல 'ப்' வருதுல்ல, அதோட சரக்கு தீந்துபோச்சு."

இடையிடையே வெள்ளையாகக் கட்டங்கள். எழுத மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். மாதம் நாலைந்து நாள் வேண்டுமென்றே காலியாம். நடத்தியதையே திரும்ப நடத்த. "நூறு சதம் ரொப்புன பிளான் ஆகஸ்ட்ல படுத்துரும் மச்சான்." என் ஆபீஸ் பேப்பரில் ஒரு வெள்ளைக் கட்டமும் கிடையாது. மேனேஜருக்குப் பிடிக்காது.

ஆகஸ்டுக்கு மேல் பச்சைக் கலரில் கோடு கோடாக அடித்திருந்தது. கொத்தமல்லிக் கட்டு மாதிரி. "இது என்ன, லீவா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினான்.

"ஏலம்."

ஏலக்காய் பறிப்பு. விடிவதற்கு முன்னாடி ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிறார்கள், பொழுது சாயத் திரும்புகிறார்கள். அம்மா மலை ஏறிவிட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்காள். அக்காளுக்கு வயது ஒன்பது, படிப்பது நாலாம் வகுப்பு. அவன் வருகைப் பதிவேட்டைக் காட்டினான். ஒரு பிள்ளைக்கு ஜூன், ஜூலை முழுக்க வந்திருக்கிறது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஓட்டை. தை பிறந்து பறிப்பு அடங்கினதும் மறுபடி நிறைந்திருக்கிறது.

"புத்தக வரிசைப்படி போனா வகுத்தல் இந்த ஓட்டைக்குள்ள வந்து விழுது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விழுந்துச்சு. ரெண்டு புள்ளைக அஞ்சாங்கிளாஸ் முடிச்சுப் போகுது, வகுக்கத் தெரியாது. ஆறாங்கிளாஸ்ல போய் உக்காந்து முழிச்சிருக்கும். அங்க இருக்கிற வாத்தியார் என்னயத்தான் கேப்பார், கேக்கணும்."

அதனால்தான் வகுத்தலைத் தூக்கி ஜூலையில் போட்டிருக்கிறான். குடமும் கன அடியும் வந்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆற்றுக்காக வகுத்தல் இல்லை, வகுத்தலுக்காக ஆறு! பறிப்புக் காலத்துக்கு, விட்டுவிட்டு வந்தாலும் தொடரக்கூடிய பாடங்கள்: கதை, படம், வரைபடம், ஒரு நாளில் தொடங்கி அன்றைக்கே முடிகிற விஷயங்கள். தம்பியையும் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் வந்தாளாம். தம்பி மூன்றாம் வகுப்பின் சாக்பீஸ் முழுவதையும் தின்றதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, "என்ன சார், ஜூலையிலயே வகுத்தலா? வரிசை மாறுதே?" என்று கேட்டிருக்கிறார். இவன் வருகைப் பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்திருக்கிறான். அவர் ஆகஸ்ட் பக்கத்தைப் புரட்டி, செப்டம்பரைப் புரட்டி, டீ ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் பாடக்குறிப்பு நோட்டில் 'பார்வையிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வேறொன்றும் எழுதாமல் போய்விட்டார். நம் ஊரில் ஓர் அதிகாரி ஒன்றும் எழுதாமல் போனால் அது பாராட்டு.

"பலன் இருந்துச்சா மாப்ள?"

"இருந்துச்சு, ஆனா பாருங்க..." என்று சிரித்தான்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. கையில் ஒரு கசங்கின சீட்டு. ஒரு வாரக் கூலிக் கணக்கு.

"சார், இந்தப் புள்ள ராத்திரியெல்லாம் சிலேட்ட வச்சுக்கிட்டு மொத்தக் கூலிய ஆறால வகுத்து வகுத்துப் பாக்குது. நாள் கூலி கொறையுது, உன்னய ஏமாத்துறாகன்னு சொல்லுது. நான் போய்க் கங்காணிகிட்டச் சண்டைக்கு நிக்கிறதா, வேண்டாமா? நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

மச்சினன் வாங்கிப் பார்த்தான். பிள்ளை போட்ட வகுத்தல் சுத்தமாக இருந்தது. மீதி கூடச் சரி. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஜீப் வாடகைதான் அவள் கண்ணில் படவில்லை.

"அப்புறம்?"

அவன் பேனாவைத் திறந்தான். ஜூலை மாசத்து வெள்ளைக் கட்டம் ஒன்றில் எழுதினான்: 'கழித்தல் - ஜீப்.'