விமான நிறுத்துமிட மார்ஷலர்களின் பயிற்சி, பணிநிலை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: விமான நிலைய இயக்குநர் அவர்கள்
அனுப்புநர்: விமான நிலையத் தரைப்பணியாளர் சங்கம்

தரையிறங்கிய விமானத்தை ஏப்ரானில் (விமானங்கள் நிற்கும் தளத்தில்) அதற்குரிய மஞ்சள் கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்துபவர் மார்ஷலர். பெரிய பயணிகள் விமானங்கள் பலவற்றில் விமானியின் இருக்கையிலிருந்து இறக்கை நுனியும் தெரியாது, முன்சக்கரமும் தெரியாது. தானியங்கி வழிகாட்டிப் பலகை இல்லாத, அல்லது பழுதாகிக் கிடக்கும் நிறுத்துமிடத்தில் கடைசிச் சில மீட்டர்களுக்கு விமானி நம்புவது மார்ஷலரின் கைகளைத்தான்.

அந்தச் சைகைகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 2ஆம் இணைப்பு வரையறுத்துள்ளது. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, கையிலுள்ள சைகைக் கோல்கள் தலைக்கு மேல் குறுக்கிடும் வரை மெதுவாக உயர்த்தினால் வழக்கமான நிறுத்தம். சட்டென்று உயர்த்திக் குறுக்கிட்டால் அவசர நிறுத்தம். இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் வேகமே. நீண்ட ஷிஃப்டின் முடிவில் சோர்ந்துபோன கைக்கு அந்த வேறுபாடு எளிதல்ல. பிரேக் போடச் சொல்லிக் கையை மூடியபின், விமானி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் வரை மார்ஷலர் அசையக்கூடாது. பயிற்சியும் தகுதியும் உரிய ஒப்புதலும் பெறாத எவரும் விமானத்துக்கு வழிகாட்டக்கூடாது என்பதும் அதே இணைப்பின் விதி. எனவே, ஆள் குறைந்த வேளையில் சுமை ஏற்றும் லோடரிடம் கோலைக் கொடுத்து அனுப்புவதை வெறும் நிர்வாகச் சமாளிப்பாகக் கருத இயலாது, அது விதிமீறல்.

2015 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில், பின்தள்ளல் முடிந்து புறப்பட்ட விமானத்தின் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டுத் தரைப்பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். தரையில் நிற்பவரும் விமானி அறையும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்வது உயிர் சார்ந்த விஷயம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே, வகுப்பறைப் பாடத்துடன் நிறுத்தாமல், அனுபவமுள்ள மார்ஷலரின் மேற்பார்வையில் பகலிலும் இரவிலும் மழையிலும் விமானங்களை நிறுத்திப் பழகிய பிறகே ஒப்புதல் அட்டை வழங்க வேண்டும். அட்டை இல்லாதவரைப் பணியில் இறக்கும் தரைப்பணி நிறுவனத்தின் மீது நடவடிக்கை தேவை. நெருக்கடியான நிறுத்துமிடங்களில் இரு இறக்கைகளையும் கவனிக்கத் தனித்தனி ஆட்களை நிறுத்த வேண்டும்.

பார்வை, செவித்திறன் பரிசோதனை ஆண்டுதோறும் நிறுவனச் செலவில் நடத்தப்பட வேண்டும். காதுக்கவசமும் இரவுக்கான ஒளிக்கோல்களும் ஷிஃப்டுக்கு முன்பே சோதித்துத் தரப்பட வேண்டும். கத்திரி வெயிலில் கான்கிரீட் தளத்தின் சூடு காலணியையும் தாண்டுகிறது. நிறுத்துமிடங்களுக்கு அருகிலேயே நிழலும் குடிநீரும், இரு விமானங்களுக்கு இடையே ஓய்வும் வேண்டும்.

ஆபத்தைக் கண்டு விமானத்தை நிறுத்திய மார்ஷலர்மீது, புறப்பாடு தாமதமானதைக் காரணம் காட்டி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது என எழுத்துமூலம் ஆணை பிறப்பிக்குமாறும் சங்கம் கோருகிறது.