அம்மாவிடம் கொடுத்து வைத்த பணம்

எந்தச் சட்டத்தின் கீழும் பதிவு பெறாத, எனினும் வீட்டுக்கு வீடு கிளை திறந்துள்ள வங்கி ஒன்று உண்டு. அதற்கு அம்மா என்று பெயர். பொங்கலன்று தாத்தா கொடுத்த 50 ரூபாய், பிறந்தநாளுக்கு அத்தை உறையிலிட்டுத் தந்த 101 ரூபாய், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த மாமா ஊருக்குத் திரும்பும்போது பிள்ளையின் கையில் திணித்த 500 ரூபாய் ஆகிய யாவும், "கொடு, பத்திரமாக வைக்கிறேன்" என்ற ஒரே வாக்குறுதியின் பேரில் அங்கே செலுத்தப்படுகின்றன. ரசீது கிடையாது, வட்டி கிடையாது, பணம் எடுக்கும் படிவமும் கிடையாது. திருப்பிக் கேட்டால், "இத்தனை நாள் சாப்பிட்டாயே, அதற்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்ற பதில் கிடைக்கும். பல ஆண்டுகளாக வங்கிப் பணியில் இருக்கும் நாமும் இத்துணை உறுதியான வைப்புத்தொகையை வேறெங்கும் கண்டதில்லை.

தில்லி மோதி பாக்கின் அரசு ஊழியர் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்வங்கியின் அலுவல் சற்றுக் கூடுதலாகவே நடைபெறுகிறது. நம் ஊரில் காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும். தில்லியிலோ கொத்தமல்லியும் பச்சை மிளகாயும்தான் கொசுறு. கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்க வேண்டும். இதனை ஓர் அநீதியாகவே கருதும் தாய்மார்கள், தள்ளுவண்டிக்காரரிடம் பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் வழக்காடி, கறிவேப்பிலையையும் கொசுறில் சேர்த்துக்கொண்டுதான் நகர்வார்கள். அருகிலுள்ள சரோஜினி நகர்ச் சந்தையில் 300 ரூபாய் சொன்ன சட்டையை 120 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, இன்னும் 20 ரூபாய் குறைத்திருக்கலாமே என்று வீடு வரை வருந்துவார்கள்.

கணவரிடம் சொல்லும் விலை வேறு. சேலைக்கு வாங்கிய விலையை விடக் குறைவு. மளிகைக்கு வாங்கிய விலையை விடக் கூடுதல். மளிகையில் சேர்வது சேலையில் செலவாகும். எஞ்சுவது கடுகு டப்பாவின் அடியில் தங்கும். நாம் படித்த வணிகவியல் நூல்கள் இதனை இரகசியக் காப்பு என்று குறிப்பிடுகின்றன.

2016 நவம்பர் 8 இரவு, 500 மற்றும் 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது அந்தக் காப்புகள் அனைத்தும் வெளிச்சத்துக்கு வந்தன. பெருங்காய மணம் கமழ்ந்த நோட்டுகளை அவ்வாரங்களில் நாம் எண்ணியிருக்கிறோம். மனைவியின் பின்னால் வரிசையில் நின்று, "இவ்வளவா?" என்று வியந்த கணவர்களையும் கண்டோம். இல்லத்தரசிகள் போன்றோரின் சிறு சேமிப்பு 2.5 இலட்சம் ரூபாய் வரை வைப்புச் செய்யப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை என்று அரசே விளக்கமளித்தது. கடுகு டப்பாவுக்குக் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு திறமையாக நிதி நடத்தும் தாய், பிள்ளையின் பெயரிலான ஒரு படிவத்தில் கையெழுத்திட முன்வந்தபோது நேர்ந்தது வேறு. கோயம்புத்தூரில் பிறந்து தில்லியில் வாழும் எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் அவருடைய கணவரும், 1984 டிசம்பரில், தங்கள் மகனின் பெயரில் 9 விழுக்காடு வட்டி தரும் நிவாரணப் பத்திரங்கள் வேண்டி ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தனர். மகனுடைய முதலீடுகளுக்குத் தாயே பாதுகாவலர் என்பதில் இருவருக்கும் சம்மதம் என்றும் எழுதிக் கொடுத்தனர். தந்தை கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அனுப்புங்கள், அல்லது தாயே பாதுகாவலர் என்பதற்குத் தகுந்த அதிகாரியின் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. தந்தையே சம்மதம் தெரிவித்த பிறகும் தந்தையின் கையொப்பம் வேண்டியிருந்தது!

இதற்கு அடிப்படையாக அமைந்தது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம். இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது அது. "பின்" என்றால் தந்தையின் வாழ்நாளுக்குப் பின் என்று மட்டும் பொருளன்று. அவர் பொறுப்பேற்க இயலாதபோதும், அக்கறை காட்டாதபோதும், இருவரும் ஒத்துப் பொறுப்பைத் தாயிடம் விட்டபோதும் தாயே இயற்கைப் பாதுகாவலர் என்று உச்ச நீதிமன்றம் 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது. இடையில் கழிந்தவை 14 ஆண்டுகள். இராமனின் வனவாசமே முடிந்துவிடும் காலம்.

சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை, தாயைப் பாதுகாவலராகக் கொண்டு சிறார் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி 1976லேயே அனுமதி அளித்துவிட்டது. ஆயினும், பாதுகாவலர் என்ற கட்டத்தருகே பேனாவைக் கொண்டு சென்ற தாய், "அவர் வந்து போடட்டும்" என்று அதனைக் கீழே வைப்பதை நாம் இன்றும் காண்கிறோம். தடுப்பது விதியன்று, வழக்கம்.

அம்மாவைப் பற்றி வீட்டில் வழங்கும் வேடிக்கைப் பேச்சுகள் பெரும்பாலும் அவருடைய அதிகாரத்தைப் பற்றியவை. அந்த அதிகாரம் சமையலறை வாசலைத் தாண்டுவதில்லை என்பதே நம் கவலை. கடுகின் விலையைக் காசு பிசகாமல் சொல்லும் தாய்க்கு, கணவரின் நிரந்தர வைப்பு எந்த வங்கியில் உள்ளது என்பது தெரிவதில்லை. பணியில் இருப்பவர் மறைந்தால், குறித்த காலத்துக்குள் வீட்டையும் ஒப்படைக்க வேண்டிய அரசுக் குடியிருப்புகளில் இந்த அறியாமைக்கு விலை அதிகம். துக்கத்தின் நடுவே பழைய பெட்டிகளைத் திறந்து ரசீது தேடும் நிலை எந்தத் தாய்க்கும் வரலாகாது.

ஆகவே, குடும்பத் தலைவர்கள் ஒரு ஞாயிறு மாலையை இதற்காக ஒதுக்குவது நன்று. கணக்குகளை இருவர் பெயரிலும் மாற்றுங்கள். நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம். பிள்ளையின் கணக்கில் பாதுகாவலராக அம்மா கையெழுத்திடட்டும். 10 வயது நிரம்பிய சிறார், வங்கி வகுக்கும் வரம்புக்குள், தாமே கணக்கை இயக்கவும் 2025இல் ரிசர்வ் வங்கி வழிவகுத்துள்ளது. அம்மா வங்கிக்கு இனிமேல்தான் உண்மையான போட்டி.

அடுத்த பொங்கல் பணத்தைப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் செலுத்தலாம். பழைய பாக்கியை மட்டும் அம்மாவிடம் கேட்க வேண்டாம். அதனை வாராக்கடனாக எழுதித் தள்ளுவதே குடும்ப அமைதிக்கு உகந்தது.