ஒரே விடுதியில் இரண்டு நீதி

சூது என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்வது நம்மவர் இயல்பு. தருமபுத்திரர் நாடிழந்த கதையைத் தொட்டில் முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தகும். ஆயினும் அக்கதையில் ஊன்றி நோக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. மண்டபம் துரியோதனனுடையது, பகடை உருட்டியவன் அவனுடைய மாமன், பணயப் பொருளை ஈடு செய்தவனும் துரியோதனனே. தருமர் அதிருஷ்டக் குறைவினால் மட்டும் தோற்கவில்லை. பிறர் வீட்டில், பிறர் வகுத்த முறைப்படி ஆட உட்கார்ந்ததனால் தோற்றார். அமெரிக்காவில் பிரசித்தமான பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தையும், அதில் நடத்தப்படும் போட்டிகளையும் ஆராயப் புகும் நாம் இரண்டு வினாக்களையே விளக்காகக் கையிலெடுத்துச் செல்கிறோம். மண்டபம் யாருடையது? மேஜைமேல் கிடக்கும் பணம் யாருடையது?

ஆட்டம் எளியது. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், விடுதியின் சார்பில் சீட்டுப் போடும் டீலரின் தொகையை மிஞ்ச வேண்டும். ஆனால் ஆடுபவர் முதலில் ஆடி முடிக்க வேண்டும். அவர் இருபத்தொன்றைத் தாண்டிவிட்டால் அக்கணமே பந்தயம் போயிற்று. பிறகு டீலரும் தாண்டினாலும் போனது திரும்பாது. விடுதியின் லாபமெல்லாம் இந்தச் சிறு ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. சரியான முறையில் ஆடினாலும் நூறு ஆட்டங்களில் ஏறக்குறைய 43 வெற்றி, 48 தோல்வி; எஞ்சியவை சமன்.

அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த நால்வர், இவ்வாட்டத்துக்கு உகந்த முறையைக் கணக்கிட்டு 1956-ம் வருஷத்தில் ஒரு புள்ளிவிவர சாஸ்திரப் பத்திரிகையில் வெளியிட்டனர். விதிகள் நல்லவையாக உள்ள மேஜையில் இத்தகைய முறைப்படி ஆடுபவர்க்கு நஷ்டம் நூற்றுக்கு அரையளவாகக் குறையும். 1962-ல் எட்வர்ட் தார்ப் என்னும் கணித ஆசிரியர் ஒரு படி மேலே சென்றார். வெளியான சீட்டுகளை நினைவிற்கொண்டு, சாதகமான வேளையில் பந்தயத்தை உயர்த்தினால் விடுதியையே வெல்லலாம் என்று நூலெழுதி நிரூபித்தார்.

அதன் பின் நடந்தது என்ன? திருடுகிறவரையல்ல, சிந்திக்கிறவரையே விடுதிகள் வாயிற்படி இறக்கலாயின. சீட்டுகளை மனத்தால் எண்ணுவது நெவாடா ராஜ்யத்தில் குற்றமன்று. எனினும் அவ்வாறு எண்ணுபவரை வெளியேற்ற விடுதிக்கு அங்கே இன்றளவும் இடமுண்டு. நியூ ஜெர்ஸியில் கென் யூஸ்டன் என்பவர் இந்த வழக்கத்தை எதிர்த்து வழக்காடினார். பொதுமக்களுக்கு வாயில் திறந்துவைத்த ஸ்தாபனம் நியாயமின்றி ஒருவரை விலக்கலாகாது என்றும், ஆட்டவிதிகளை வகுக்கும் அதிகாரம் சர்க்கார் நியமித்த கமிஷனுக்கே உரியதென்றும் 1982-ல் அந்த ராஜ்யத்துச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டம் பயின்ற நமக்கு அத்தீர்ப்பு மிகவும் உவப்பானது. அட்லாண்டிக் ஸிட்டி விடுதிகளோ சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கியும், அடிக்கடி கலைத்தும் வேறு வழி தேடிக்கொண்டன.

இனி அதே விடுதியின் மற்றொரு கூடத்தைப் பார்ப்போம். அங்கே பிளாக்ஜாக் போட்டி நடக்கிறது. ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் செலுத்துகின்றனர். அனைவருக்கும் சம எண்ணிக்கையில் வில்லைகள் தரப்படும். அவற்றுக்குப் பணமதிப்புக் கிடையாது. குறித்த எண்ணிக்கை ஆட்டங்கள் முடிந்ததும் அதிக வில்லை வைத்திருப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இங்கே கெட்டிக்காரருக்குத் தடையில்லை, உபசாரம் உண்டு. 2004-ம் வருஷத்தில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதலாவது உலகப் பிளாக்ஜாக் தொடரில் வென்ற மைக் அபோன்டே, சீட்டெண்ணுவதில் பேர்போன எம்.ஐ.டி. குழுவைச் சேர்ந்தவர். அத்தகையோரைச் சாதாரண மேஜையினின்று துரத்துவது விடுதிகளின் வழக்கம். போட்டி மேஜையிலோ அவருக்கு மகுடம்!

இந்த முரணுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண மேஜையில் கெட்டிக்காரர் எடுப்பது விடுதியின் பணம். போட்டியில் அவர் எடுப்பது சக ஆட்டக்காரர்கள் செலுத்திய பணம். திறமையை விடுதி வெறுக்கவில்லை; தன் பெட்டி குறைவதைத்தான் வெறுக்கிறது.

இவ்வுண்மையை உணர்ந்தவருக்கே போட்டியில் பந்தயம் வைக்கும் முறை விளங்கும். சாதாரண மேஜையில் எதிரி டீலர். போட்டியில் எதிரி பக்கத்து நாற்காலியில் இருப்பவர். ஒருவர் மட்டுமே முன்னேறும் மேஜையில், ஒரு வில்லை குறைந்து இரண்டாமவராக நிற்பதும், கைவெறுமையாக நிற்பதும் ஒன்றே. ஆகவே ‘எவ்வளவு சேர்த்தோம்’ என்பது கேள்வியன்று. ‘அடுத்தவரைவிட எவ்வளவு’ என்பதே கேள்வி.

ஓர் உதாரணம் கூறுவோம். கடைசி ஆட்டம். முன்னிற்பவரிடம் 1,000 வில்லை, பின்தங்கியவரிடம் 800. அதிகபட்சப் பந்தயம் 500. பந்தயத்தை இரட்டிப்பது, முதலிரு சீட்டிலேயே இருபத்தொன்று வருவது போன்ற நுணுக்கங்களை இங்கே ஒதுக்கிவைப்போம். பின்தங்கியவர் முதலில் பந்தயம் வைக்க நேர்ந்து, துணிந்து 500 வைக்கிறார். முன்னிற்பவர் அதைப் பார்த்தபின் 310 வைத்தால் போதும். இருவரும் வென்றால் 1,310-க்கு 1,300. இருவரும் தோற்றால் 690-க்கு 300. ஒரே டீலரை எதிர்த்து ஆடுவதால் இருவரும் சேர்ந்து வெல்வதும் சேர்ந்து தோற்பதுமே மிகுதி. ஆதலின் முன்னிற்பவர் எதிரியின் நிழல்போல் நடந்துகொள்வதே யுக்தி.

இப்போது வரிசையை மாற்றுவோம். முன்னிற்பவர் முதலில் வைக்க வேண்டும். அவர் உற்சாக மிகுதியால் 500 வைத்துவிட்டார். அவரோடு போட்டியிட்டுப் பின்தங்கியவரும் 500 வைப்பாராயின் அது மூடத்தனம். இருவரும் வென்றாலும் அவர் பின்னேதான், இருவரும் தோற்றாலும் பின்னேதான். அவர் செய்யத்தக்கது 290 வைப்பது. இருவரும் தோற்றால் 510-க்கு 500 என்று பத்து வில்லையால் முந்துவார். முன்னிற்பவருக்குச் சமன் நேர்ந்து இவர் வென்றால் 1,090-க்கு 1,000 என்று அப்போதும் முந்துவார். டீலர் வெல்வதே அதிகம் என்று மேலே கூறினோமல்லவா? ஆகவே இருநூறு வில்லை பின்தங்கியவருக்கு ஏறத்தாழப் பாதி வாய்ப்புக் கிட்டிவிடுகிறது.

மாறாக, முன்னிற்பவர் அச்சத்தால் 100 மட்டும் வைத்தால், பின்தங்கியவர் 310-க்குக் குறையாமல் வைக்க வேண்டும். இருவரும் வென்றால் 1,110-க்கு 1,100 என்று அவரே முதல்வராவார். அதே வில்லைகள், அதே மனிதர்கள். யார் கடைசியில் பேசுகிறார் என்பது மாறியவுடன் சரியான பந்தயமும் மாறிவிடுகிறது. இதனாலேயே முதலில் பந்தயம் வைக்கும் முறை ஆட்டந்தோறும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நகர்கிறது. கடைசி ஆட்டத்தில் அம்முறை யாருக்கு வரும் என்பதைச் சில ஆட்டங்களுக்கு முன்பே எண்ணிப் பார்த்து, தாம் முதலில் வைக்க நேருமாயின் அதற்குள் முந்திக்கொள்ள முயல்பவரே விவேகி.

தைரியம் வேறு, ஆவேசம் வேறு. அடக்கம் வேறு, கோழைத்தனம் வேறு. கடைசி வரையில் சிறு பந்தயமே வைத்து, முன்னோடியின் பின்னால் கௌரவமாகத் தோற்பவரை நாம் புத்திசாலி என்று சொல்லமாட்டோம். தோல்வி உறுதியாகத் தெரியும்போது பெரும் பந்தயம் வைப்பதே நிதானம். முந்தி நிற்கும்போது அதையே செய்வது மதியீனம்.

இவ்வளவு கணக்கும் ஊகமும் வேண்டியிருப்பதை வெறும் அதிருஷ்டம் என்று தள்ளுவது நியாயமன்று. ஆனால் திறமை இருக்கிறது என்பதாலேயே யாரும் ஏமாறலாகாது. ஆகச் சிறந்த யுக்தியும் வாய்ப்பைக் கூட்டுமேயன்றி வெற்றியை எழுதிக் கொடுக்காது. அன்றியும், நூறு பேர் தலைக்கு 100 டாலர் செலுத்தி, விடுதி 8,000 டாலரை மட்டும் பரிசாகத் திருப்பித் தந்தால், சமதிறமையுள்ளவர் ஒவ்வொருவரும் உட்காருமுன்பே சராசரியாக 20 டாலர் இழந்தவராகிறார். அரைச் சதவீதத்துக்கு அஞ்சுகிறவர் இருபது சதவீதத்தைக் கவனிக்க வேண்டாமா? பத்தாயிரமும் பரிசாகத் திரும்பும் போட்டியில் மட்டுமே மண்டபத்தின் பங்கு பூஜ்யமாகிறது.

தம் வீட்டுக்குள் யாரை விடுவதென்பது விடுதிக்காரரின் சொந்த உரிமை என்று சிலர் வாதிப்பர். சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்று, ஊராரை விளம்பரத்தால் அழைத்து, அவர்கள் பணத்தால் கொழுக்கும் இடம் சொந்த வீடாகாது. தோற்பவருக்குத் திறக்கும் கதவு வெல்பவருக்கு மட்டும் மூடுமானால் அது ஆட்டமன்று, வரிவசூல். 1931-ம் வருஷத்தில் சூதாட்டத்துக்கு அனுமதி வழங்கிய நெவாடா, நியூ ஜெர்ஸி கோர்ட்டு காட்டிய நெறியைத் தானும் ஏற்பதே முறை. போட்டி நடத்துவோர் ஒவ்வொருவரும் வசூலான கட்டணத்தையும் பரிசுத் தொகையையும் வாயிலிலேயே எழுதி வைக்க வேண்டுமென்றும் சட்டம் செய்யட்டும். அதுவரையில், மேஜையை அணுகும் எவரும் தம் கைச்சீட்டைப் பார்க்குமுன் மண்டபத்தின் சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்வாராக. தருமபுத்திரர் அந்த ஒன்றைத்தான் பார்க்கத் தவறினார்.