அக்காவுக்குப் பிடித்த கேம்

செங் தொழிற்பேட்டையில் வேலை. 2023 டிசம்பரில் ஒருநாள் பசியாறும்போது, ‘இந்த ஆண்டு பிடித்த வீடியோ கேம் எது?’ என்று உடன் வேலை செய்யும் தம்பிகளிடம் பேச்சு எழுந்தது. பலருக்கும் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’தான்.

“அக்கா, நீங்க?” என்றார்கள் கேலியாக.

“வெண்பா” என்றேன்.

டொரோண்டோவில் உருவாகி, அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த விளையாட்டு அது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய், எழுத்தழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி அவிக்கிறாள். தட்டுகளைச் சரியாக அடுக்கினால்தான் ஆவி ஏறும். அவள் தமிழில் பேச, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான்.

என் வீட்டிலும் அதே கதைதான். அவன் கணினியில் இருவரும் சேர்ந்து விளையாடினோம். மறுநாள் என் மளிகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தவன் கேட்டான்:

“அம்மா, இது ‘ள’வா, ‘ழ’வா?”

தம்பிகள் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், “எங்கே வாங்கலாம் அக்கா?” என்றார்.