முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆட்டிசம் உடைய பிள்ளைகளின் பெற்றோர் உணவைப் பற்றி எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். பிள்ளை ஏன் ஒரே உணவையே உண்கிறது என்பது ஒன்று. பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையுமா என்பது மற்றொன்று. பிள்ளை கடைசியாக என்றைக்கு மலம் கழித்தது என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் உடனே விடை கூறுவோர் சிலரே. எங்கள் கருத்தில், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவே.

மற்றப் பிள்ளைகளைவிட இப்பிள்ளைகளிடம் மலச்சிக்கல் மிகுதியாகக் காணப்படுகிறது. நார்ச்சத்துள்ள காய்கறிகளைப் பலர் தொடுவதே இல்லை; சிலர் நாள் முழுதும் பாலையே குடித்துப் பசியைத் தணித்துக்கொள்கின்றனர். கழிப்பறையின் ஓசைக்கும் நாற்றத்திற்கும் ஈரத்தரைக்கும் அஞ்சி அடக்கிக்கொள்வோரும் உண்டு. ஒருமுறை வலித்துவிட்டால் மறுமுறையும் அடக்குவர். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையை நனைக்கும்போது, அதனை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் போக்கை நிறுத்தும் மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். சிக்கல் மேலும் இறுகுகிறது.

வலியைச் சொல்லால் உணர்த்த இயலாத பிள்ளை அதனை உடலால் உணர்த்துகிறது. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொள்ளுதல், உடலை வில்லாக வளைத்தல், நள்ளிரவில் விழித்து அழுதல், தன்னையே அடித்துக்கொள்ளுதல் ஆகியவற்றை ஆட்டிசத்தின் இயல்பு என்றோ அடம் என்றோ ஒதுக்கிவிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. 2010ஆம் ஆண்டில் பீடியாட்ரிக்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த வல்லுநர் குழுவின் அறிக்கையும், நடத்தையில் தோன்றும் மாற்றம் வயிற்றுக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்றே கூறுகிறது.

இனி, பாலையும் கோதுமையையும் விலக்கும் உணவுமுறையைப் பற்றி. இது ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. 2013இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்நோக்கத்திற்காக இதனைக் கையாள வேண்டாம் என்கிறது. சோறுண்ணும் நம் வீடுகளில் கோதுமையை விடுவது எளிது; இழப்பு பாலிலும் தயிரிலும்தான். நாளெல்லாம் தயிர்ச்சோறு ஒன்றையே ஏற்கும் பிள்ளையிடமிருந்து தயிரையும் எடுத்துவிட்டால், சுண்ணாம்புச்சத்துக்கும் புரதத்திற்கும் அது எங்கே போகும்? பாலோ கோதுமையோ உண்மையிலேயே ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு விலக்குதல் அவசியம். ஆயினும் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால், கோதுமையால் குடலைத் தாக்கும் சீலியாக் நோய் இருந்தாலும் இரத்தப் பரிசோதனையில் புலப்படாமல் போகலாம்.

ஒரே உணவையே உண்பது பிடிவாதம் அன்று. கூட்டில் தென்படும் ஒரு கடுகும், சோற்றில் ஒட்டிய கறிவேப்பிலையும், வழவழப்பான வெண்டைக்காயும் அப்பிள்ளைக்குத் தாங்கவியலாத உணர்வைத் தரக்கூடும். எனினும் இதனை அப்படியே விட்டுவிடவும் இயலாது. பழமும் காய்கறியும் அறவே இல்லாத உணவால் வைட்டமின் சி குறைந்து, ஈறில் குருதி கசிந்து, கால்வலியால் நடக்க மறுத்த ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

பிடித்த உணவுக்குள் கீரையையோ மருந்தையோ மறைத்து ஊட்டும் வழக்கத்தை நாங்கள் விரும்புவதில்லை. பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் உள்ள ஓர் உணவையும் வெறுத்துவிடும். புதிய உணவில் சிறிதளவைத் தட்டின் ஓரத்தில் வைத்து, உண்ணுமாறு வற்புறுத்தாமல், பல நாள் தொடர்வதே நலம். தொட்டாலும் முகர்ந்தாலும் அது முன்னேற்றமே. பாட்டி தாத்தாவிடமும் இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று; அன்பின் மிகுதியால் வாயில் திணிப்போர் பெரும்பாலும் அவர்களே.

உணவுக்குப் பின் சில நிமிடம் கழிப்பறையில் அமரச் செய்யுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறையாயின் கால்கள் தொங்காதவாறு ஒரு முக்காலி இடுங்கள். மலமிளக்கி மருந்தை மருத்துவர் கூறிய காலம்வரை கொடுங்கள். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்குச் சிக்கல் மீள்கிறது.

அடுத்த முறை வரும்போது, ஒரு வாரம் பிள்ளை உண்டதையும் மலம் கழித்ததையும் குறித்த தாளொன்றைக் கொண்டுவாருங்கள். வலிப்பதாக ஐயுறும் வேளையைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தால் மிகவும் உதவும். மலத்தில் குருதி, தொடர் வாந்தி, எடைக் குறைவு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.